இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தைக் கடைப்பிடிக்கிறதா? பளைக் காணிக்குத் திரும்பலாமா?

கும்மிடிப்பூண்டி இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இலங்கை 2017-இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்ததாகப் படித்தேன். அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறதா? எங்கள் அப்பாவுக்கு வட இலங்கையில் பளைக்குப் பக்கத்தில் தென்னங்காணி இருக்கிறது. 1990-இல் அப்படியே விட்டுவிட்டு வந்தது. இப்போது போய்த் துப்புரவு செய்து பயிர் வைக்கலாம் என்கிறார். நம்பிப் போகலாமா?" கேட்டது ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓர் அரசாங்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்பது ஒன்று. நான்கு எல்லைக்குள் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில் உங்கள் அப்பா காலை வைக்கலாமா என்பது இன்னொன்று. இதுவரை பதில் எழுதிய பலரும் முதல் கேள்விக்கு "ஆமாம், கடைப்பிடிக்கிறது" என்று சொல்லிவிட்டு, அதையே இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டு "தைரியமாகப் போங்கள்" என்று முடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப் பிரிவில் இருந்தவன். கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும் எங்களுக்குப் பயிற்சியிலேயே சேர்ந்தவை. ஓய்வுபெற்ற பிறகு, இலங்கையில் போர் முடிந்த காலத்தில் மன்னார், வவுனியா பக்கம் ஓர் இந்தியக் குழுவோடு வெடி அகற்றும் வேலை பார்த்தேன். இப்போது இருப்பது ஆந்திராவின் சத்தியவேட்டில். பக்கத்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்குப் பெயின்ட் வேலைக்கு வரும் முகாம் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும், இதே கேள்வியை டீக்கடையிலும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பளைப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. அந்த மண்ணைப் பற்றி நான் சொல்வது அங்கே வேலை பார்த்த சகாக்கள் வழியாகவும், வெளியான அறிக்கைகள் வழியாகவும் தெரிந்துகொண்டது. வழக்கறிஞனும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் சின்னது. களத்தில் இறங்குகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்திருப்போம்.

முதலில் ஒப்பந்தம். 1997 செப்டம்பரில் ஆஸ்லோவில் வாசகம் முடிவாகி, டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1999 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுமார் 160 நாடுகள் இதில் இருக்கின்றன. ஆள் மிதித்தாலோ தொட்டாலோ நெருங்கினாலோ தானாக வெடிக்கிற வெடியை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது, செய்யக் கூடாது, சேர்த்து வைக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, பிறர் இதையெல்லாம் செய்ய உதவவும் கூடாது. இதுதான் சாரம். "தானாக" என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் கண்ணிவெடி என்றதும் 2003 அக்டோபர் 1-இல் திருப்பதி அலிபிரியில் சந்திரபாபு நாயுடுவின் வாகனத்துக்கு வைத்த கிளேமோர் வகை வெடிதான் ஞாபகம் வரும். அது தூரத்தில் ஒருவர் உட்கார்ந்து, பார்த்து, பொத்தானை அழுத்தி வெடிக்க வைத்தது. அப்படி மனிதர் இயக்கும் வெடி இந்த ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வராது. வாகனத்துக்கு வைக்கிற பெரிய வெடிகளும் வராது. அப்புறம், ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது அரசுகளை மட்டும்தான். ஆயுதக் குழுக்கள் இதில் கையெழுத்திட முடியாது. "ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு" என்று கேட்டதும் அங்கே வெடியே இருக்காது என்று நினைப்பது இங்கிருந்தே தவறத் தொடங்குகிறது.

இலங்கை 2017 டிசம்பர் 13-இல் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அந்த நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. கெடு எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. கையிருப்பை அழிக்க நான்கு ஆண்டு, அதாவது 2022 ஜூன் 1 வரை. மண்ணில் இருப்பதை எடுக்கப் பத்து ஆண்டு, அதாவது 2028 ஜூன் 1 வரை. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். உள்நாட்டில் சட்டம் போட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சை, செயற்கைக் கால், வாழ்வாதாரம் ஆகியவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. கையிருப்பை அழிக்கும் வேலையை இலங்கை கெடுவுக்கு முன்பே, 2021-இல், முடித்துவிட்டதாக அறிவித்தது. மிதிவெடியைத் தடைசெய்யும் தனிச் சட்டம் 2022-இல் நிறைவேறியது. 2009-இல் போர் முடிந்த பிறகு புதிதாகப் புதைத்ததாக நம்பத்தக்க செய்தி எதுவும் வெளிவரவில்லை. கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் 2018-இல் சேர்ந்தது. போருக்குப் பிறகான பல விஷயங்களில் அந்த அரசு மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில், தெற்காசியாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்யாததைச் செய்திருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

ஒரு குறிப்பு மட்டும். வெடி கண்டுபிடிக்கவும் எடுக்கவும் பயிற்சி கொடுப்பதற்காகக் குறைந்தபட்ச எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு அனுமதிக்கிறது. இலங்கை அப்படி வைத்துக்கொண்டது பல ஆயிரம். இது சட்டமீறல் ஆகாது, ஏனென்றால் "குறைந்தபட்சம்" எத்தனை என்று ஒப்பந்தம் எண் போடவில்லை. ஆனால் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பயிற்சிக்கு உயிருள்ள வெடி அவ்வளவு வேண்டியதில்லை. உள்ளே வெடிமருந்து இல்லாத மாதிரிகளை வைத்தே பெரும்பகுதிப் பயிற்சியை முடித்துவிடலாம்.

இதையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள்? ரசாயன ஆயுத ஒப்பந்தத்துக்கு இருப்பது போல, கிடங்குக்குள் நுழைந்து எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர்கள் இந்த ஒப்பந்தத்துக்குக் கிடையாது. நாடு தானே அறிக்கை எழுதிக் கொடுக்கிறது. சந்தேகம் வந்தால் மற்ற நாடுகள் விளக்கம் கேட்கலாம், உண்மை அறியும் குழுவை அனுப்பவும் எட்டாம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு குழுவை அனுப்பும் அளவுக்கு விஷயம் போனதே இல்லை. பெரும்பாலும் கூட்டத்தில் உட்கார வைத்துக் கேட்பதோடு முடிகிறது. அதனால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏமனில் 2011-இல் அரசுப் படையின் ஒரு பிரிவு மிதிவெடி புதைத்தது வெளியே வந்து, 2013-இல் அந்த அரசு அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கிரீஸ் கையிருப்பை அழிக்கும் கெடுவை 2008-இலும் உக்ரைன் 2010-இலும் தவறவிட்டன. ஒவ்வொரு கூட்டத்திலும் அதற்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. அழுத்தம் இருக்கிறது, காவலர் இல்லை. ஆகவே "கடைப்பிடிக்கிறது" என்று எங்கே படித்தாலும், "நாடு அப்படி அறிவித்திருக்கிறது, அதற்கு மாறாக எதுவும் வெளிவரவில்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மண்ணைச் சுத்தம் செய்ய ஒப்பந்தம் பத்து ஆண்டு கொடுக்கிறது. முடியாவிட்டால் காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம். உறுப்பு நாடுகள் சேர்ந்து அதைக் கொடுக்கும். கம்போடியா, அங்கோலா போன்ற நாடுகள் ஒருமுறைக்கு மேல் வாங்கியிருக்கின்றன. அதாவது ஒரு நாடு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் மதித்து நடந்துகொண்டிருக்கும் அதே நாளில், அதன் மண்ணில் ஆயிரக்கணக்கான வெடிகள் இருக்கலாம். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. பட்டா கையில் இருப்பதால் கிணற்றில் தண்ணீர் இருக்கும் என்று ஆகிவிடாது அல்லவா, அதுபோலத்தான். "இலங்கை ஒப்பந்தத்தைக் கடைப்பிடிக்கிறதா" என்று கேட்டு, "ஆம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு காணிக்குள் இறங்குவது உயிரோடு விளையாடுவது. நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: "வரைபடத்தில் எங்கள் காணி எந்தக் கட்டத்துக்குள் வருகிறது, அந்தக் கட்டம் வெடி இல்லாதது என்று விடுவிக்கப்பட்டுவிட்டதா, அதற்கான தாள் எங்கே?"

அதுவும் உங்கள் காணி பளை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பளை, இத்தாவில், முகமாலை, கிளாலி எல்லாம் கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவைச் சேர்ந்தவை. 2000-இல் ஆனையிறவுப் படைத்தளம் புலிகள் கைக்குப் போன பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குறுக்கே ஒரு போர்முனைக் கோடு விழுந்தது. (இது யாழ்ப்பாணத்து நாகர்கோவில், நம் குமரி மாவட்டத்து ஊரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) 2009 தொடக்கம்வரை அந்தக் கோடு பெரிதாக நகரவில்லை. ஒன்பது ஆண்டு இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, முன்னால் இருந்த மண்ணை அடுக்கடுக்காக வெடியால் நிரப்பினார்கள். 2006-லும் 2008-லும் அங்கே பெரிய சண்டை நடந்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உடைந்த வரிசையைச் சரிசெய்யப் புதிதாகப் புதைத்தார்கள். உலகத்திலேயே அடர்த்தியாக வெடி புதைந்த நிலங்களில் ஒன்றாக முகமாலையைச் சொல்வார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் அதை மிகையென்று சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அப்பா 1990-இல் கிளம்பியபோது அந்தக் கோடே கிடையாது. அதனால் "எனக்கு அந்தக் காணியில் ஒவ்வொரு மரமும் தெரியும்" என்று அவர் சொன்னால் அது உண்மைதான், ஆனால் அவருக்குத் தெரிந்த காணி அந்தப் போருக்கு முந்தையது.

யார் புதைத்தது என்பதும் முக்கியம். ராணுவம் பெரும்பாலும் வரிசையாக, அளவெடுத்துப் புதைத்தது, வரைபடமும் வைத்திருந்தது. பாகிஸ்தானின் பி-4, சீனாவின் டைப் 72, இத்தாலியின் வி.எஸ்-50 போன்றவை அவர்களுடையவை. போருக்குப் பிறகு அந்தப் பதிவுகள் வெடி அகற்றும் அமைப்புகளுக்குக் கிடைத்தன. பதிவு இருந்தாலும் மண்ணில் அப்படியே இருக்கும் என்றில்லை. குண்டு விழுந்து வரிசை கலைந்திருக்கும், சிலதை எதிர்த்தரப்பு தோண்டி எடுத்துத் தன் பக்கம் புதைத்திருக்கும். புலிகள் தாங்களே செய்த ஜொனி 95 சின்ன மரப்பெட்டி மாதிரி இருக்கும். ரங்கன் 99 என்பது பி-4-ஐப் பார்த்துச் செய்தது. பின்வாங்கும்போது அவர்கள் புதைத்தவற்றுக்கு ஒழுங்கும் இல்லை, தாளும் இல்லை. மர நிழல், கிணற்றடி, ஒற்றையடிப் பாதை, பதுங்குகுழியின் வாசல் என்று மனிதன் எங்கே போவான் என்று யோசித்துப் புதைத்தார்கள். காணி துப்புரவாக்க வருகிறவர் முதலில் போவதும் அங்கேதான்.

இந்தச் சின்ன வெடிகளுக்குள் இருப்பது சுமார் முப்பதிலிருந்து ஐம்பது கிராம் மருந்து. ஆளைக் கொல்வதைவிடக் காலை எடுப்பதுதான் நோக்கம். உறை பிளாஸ்டிக் அல்லது மரம், உள்ளே இரும்பு மிகக் கொஞ்சம். உலோகம் கண்டறியும் கருவியை அந்தக் கொஞ்ச இரும்புக்கு ஏற்றபடி கூர்மையாக வைத்தால், மண்ணில் இருக்கும் ஒவ்வொரு ஆணிக்கும் தோட்டா உறைக்கும் குண்டுச் சிதறலுக்கும் அது கத்தும். போர் நடந்த மண்ணில் சதுர அடிக்கு ஒரு கத்தல் வரும். ஒவ்வொன்றையும் வெடி என்றே நினைத்துத்தான் தோண்ட வேண்டும். வடக்கின் மணல் பூமியில் அதற்காகவே வாரி போன்ற ஒரு கருவியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டிப் போகும் முறை வந்தது. தட்டையாகக் கிடக்கும் வெடியைப் பக்கவாட்டிலிருந்து வெளிக்கொண்டுவரும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதை, அதில் ஒரு ஆள், முழங்காலில், முகக்கவசத்தோடு, வெயிலில். நல்ல நாளில் முன்னேறுவது சில மீட்டர். இப்படி உட்கார்ந்து எடுப்பவர்களில் கணிசமானோர் அந்த மண்ணின் பெண்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அதில் பலர். ஹேலோ டிரஸ்ட், மேக் என்ற இரண்டு வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்ற இரண்டு உள்நாட்டு அமைப்புகளும், ராணுவத்தின் மனிதாபிமான வெடியகற்றல் பிரிவும் இதைச் செய்துவருகின்றன. 2010-இல் அமைக்கப்பட்ட தேசியக் கண்ணிவெடி நடவடிக்கை மையம் மேற்பார்வை பார்க்கிறது. என்னைக் கேட்டால், ஒப்பந்தம் என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் அந்தப் பெண்களின் முழங்காலில்தான் நடக்கிறது.

"விடுவிக்கப்பட்ட நிலம்" என்று செய்தியில் வரும் பரப்பளவு எல்லாம் இப்படிச் சுரண்டி எடுத்தது என்று நினைக்காதீர்கள். மூன்று வழி இருக்கிறது. ஊர்க்காரர்களைக் கேட்டு, பதிவுகளைப் பார்த்து, "இங்கே வெடி இருக்கக் காரணமே இல்லை" என்று முடிவுசெய்து பட்டியலிலிருந்து நீக்குவது ஒன்று. சில இடங்களில் மட்டும் கருவியோடு உள்ளே போய்ச் சோதித்து எல்லையைச் சுருக்குவது இன்னொன்று. அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்வது மூன்றாவது. போர் முடிந்தபோது சந்தேகப் பட்டியலில் இருந்த பெரும் பரப்பு முதல் இரண்டு வழியில்தான் குறைந்தது. இது ஏமாற்று வேலை கிடையாது. சர்வதேச நடைமுறையே இதுதான், சரியாகச் செய்தால் பாதுகாப்பானதும்கூட. உங்கள் காணி எந்த வழியில் விடுவிக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். முன்வரிசைக்குப் பக்கத்துக் காணி என்றால் மூன்றாவது வழியில் விடுவித்தது என்று கேட்டால்தான் என் மனசு ஆறும்.

சுத்தம் செய்து முடித்தது என்றாலும் அதற்கு ஓர் அளவு உண்டு. நிர்ணயித்த எல்லைக்குள், நிர்ணயித்த ஆழம்வரைதான் உத்தரவாதம். மிதிவெடி மேல்மண்ணில் இருப்பது என்பதால் உழவுக்கும் நடவுக்கும் அது போதும். ஆனால் கிணறு வெட்டுவது, வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவது, பழைய பதுங்குகுழியை மூடுவது, மண் அணையைச் சரிப்பது என்றால் ஆழம் வேறு. மண் அணைக்குள் வெடி புதைந்து போயிருந்த கதைகள் நிறைய. வடகிழக்கு மழையில் மணல் கரைந்து இலேசான பிளாஸ்டிக் வெடி இடம் மாறுவதும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தைச் சுத்தம் செய்து முடித்துவிட்டதாக 2017-இல் அறிவித்தார்கள். அப்படி அறிவித்த இடத்திலும் பின்னாளில் ஒன்றிரண்டு தலைகாட்டலாம் என்பதை வெடி அகற்றுகிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அப்போது அறிவித்து உடனே எடுக்க வேண்டும், அதுவும் ஒப்பந்தக் கடமைதான். "இவ்வளவு வருஷம் மண்ணில் கிடந்தது செத்துப் போயிருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். மரப்பெட்டி உளுத்துப் போயிருக்கும், உண்மை. உள்ளே இருக்கும் மருந்து உளுக்காது. சிலது உறை நைந்து போனதால் முன்னைவிட இலேசான அழுத்தத்துக்கே வெடிக்கும் நிலையில் இருக்கும். செத்ததா இல்லையா என்று காலால் சோதிக்க முடியாது.

இனி சந்தேகமானவை. 2028 ஜூனுக்குள் இலங்கை முடிக்குமா? 2023 முதல் 2027 வரைக்குமான ஒரு நிறைவுத் திட்டத்தை அரசு வெளியிட்டிருக்கிறது, அதாவது முடிப்பதுதான் அதிகாரபூர்வ இலக்கு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இரண்டு காரணங்கள். மீதி இருப்பவை எல்லாம் கடினமானவை, எளிதானதை முதலிலேயே எடுத்துவிட்டார்கள். மக்கள் திரும்பி வந்து காட்டைத் திறக்கத் திறக்கப் பட்டியலில் இல்லாத புது இடங்களும் சேர்கின்றன. இரண்டாவது பணம். இந்த வேலைக்குச் செலவில் பெரும்பகுதி அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகள் கொடுப்பது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உலகம் முழுக்க இந்த வேலை தடுமாறியது. கெடு நீண்டால் அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எத்தனை சதுர கிலோமீட்டர் மீதி, எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டு எவ்வளவு என்று கணக்கோடு நீட்டிப்புக் கேட்கிறார்களா, வெறுமனே காலம் கேட்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் நல்லெண்ணத்தை அளக்கும் இடம். இன்னொரு விஷயம், ராணுவம் கையில் வைத்திருக்கும் நிலங்களும் சுத்தம் செய்யும் கடமைக்குள் வருகின்றன. தன் ஆளுகையில் உள்ள எல்லா நிலமும் என்றுதான் ஐந்தாம் பிரிவு சொல்கிறது, ராணுவ முகாமுக்கு விலக்கு இல்லை.

"இந்தியா ஏன் சேரவில்லை, நமக்குப் பேச என்ன யோக்கியதை" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்தியா சேரவில்லை. பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, அமெரிக்காவும் இல்லை. நீண்ட எல்லையைக் காக்க மாற்று ஆயுதம் வந்தால் பார்க்கலாம் என்பது டெல்லியின் நிலைப்பாடு. வேலி போடுவது, அறிவிப்பு வைப்பது, கருவியில் தெரியாத வெடியைத் தவிர்ப்பது என்று விதிக்கும் வேறொரு உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது. 2001-02-இல் பாகிஸ்தான் எல்லை நெடுக நம் ராணுவம் ஏராளமாகப் புதைத்ததும், அதை எடுக்கும்போது நம் சாப்பர்களே கை கால் இழந்ததும் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. போருக்குப் பிறகு இந்திய அரசு தன் செலவில் இலங்கைக்கு ஏழு வெடியகற்றும் குழுக்களை அனுப்பியது. எடுத்துக் கொடுக்கும் கை, தானும் புதைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. 2025-இல் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து என்று ஐந்து நாடுகள் ரஷ்ய அச்சத்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்த பிறகு அந்த நாள் இன்னும் தள்ளிப் போய்விட்டதாகத் தெரிகிறது. அதற்காக நான் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம், தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

போவதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் முகாமில் இருந்துவிட்டு மண்ணுக்குத் திரும்ப நினைக்கும் மனிதரைத் தடுக்கும் தகுதி எனக்கு இல்லை. போவது என்றால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஊருக்குப் போங்கள், காணிக்குப் போகாதீர்கள். அந்தப் பகுதியின் கிராம சேவையாளரைப் பாருங்கள், பிறகு பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகம். வெடி அகற்றிய நிலம் முறைப்படி மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்படும், அதற்குத் தாள் இருக்கும், அதில் எல்லைப் புள்ளிகளோடு வரைபடமும் இருக்கும். கிளிநொச்சியில் கண்ணிவெடி நடவடிக்கைப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அவர்கள் வரைபடத்தில் உங்கள் காணி எங்கே விழுகிறது என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். காணியின் ஒரு மூலை விடுவித்த கட்டத்துக்கு வெளியே நின்றாலும் அந்த மூலை விடுவிக்கப்படாததுதான். "பக்கத்துக் காணிக்காரர் மாடு மேய்க்கிறார், ஒன்றும் ஆகவில்லை" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடுவிக்கப்படவில்லை என்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பெயரைப் பதிவுசெய்துவிட்டு வாருங்கள். மக்கள் திரும்பக் காத்திருக்கும் நிலத்தை முன்னால் எடுப்பது வழக்கம், அதனால் நீங்கள் காத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இறங்கிய பிறகும் சில விஷயங்கள். மண்டையோட்டுப் பலகையையோ சிவப்பு அடையாளம் போட்ட குச்சியையோ யாராவது பிடுங்கிப் போட்டிருக்கலாம், அதனால் பலகை இல்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதரைக் கொளுத்தாதீர்கள். பழைய இரும்பு பொறுக்க வேண்டாம், போருக்குப் பிறகான விபத்துகளில் கணிசமானவை அதில்தான் நடந்தன. விறகுக்குக் காட்டுக்குள் போகும்போது ஊர்க்காரர் நடக்கும் தடத்திலேயே போங்கள். சந்தேகமாக எதையாவது கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் அங்கே ஒரு அடையாளம் விட்டுவிட்டு 119-க்குச் சொல்லுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளையும் கூட்டிப் போவதாக இருந்தால், இதை அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். உங்கள் அப்பா தலைமுறைக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியும், இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மண் விளையாட்டு மைதானம் போலத் தெரியும்.

ஐயாவிடம் பழைய உறுதிப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் காணியின் பெயர், நான்கு எல்லை, பக்கத்துக் காணிக்காரர்கள் பெயர், அருகில் இருந்த கோயில், குளம், ரயில் பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவர் ஞாபகத்தில் இருப்பதை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். பிராந்திய அலுவலகத்துக்கு எழுதவேண்டிய விண்ணப்பத்தை நான் தயார்செய்து தருகிறேன். பத்திரத்தில் இருக்கும் பெயர், எண் எதையும் இங்கே பொதுவில் போட வேண்டாம். ஸ்ரீசிட்டிக்கு வேலைக்கு வரும் உங்கள் ஆட்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் சத்தியவேட்டில் வாங்கிக்கொள்கிறேன்.